இரவல் பசி

— கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க. காத்து வருது. பாப்பா உடம்புல துணி இல்ல.

— சாத்தியாச்சு அண்ணி. ஆனா அது என்ன புதுசா 'வாங்க'? போன வருஷம் வரைக்கும் 'ஏய் வாலு, இங்க வாடி'தானே?

— போன வருஷம் வேற. இப்ப உங்களை யாரு கூப்பிட்டா?

— உங்க வீட்டுக்காரர்தான். அண்ணன் ஃபோன்ல அழாத குறை. 'பாப்பா பாலே குடிக்கமாட்டேங்குது, உங்க அண்ணி ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்குறா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, நீ கொஞ்சம் வா'ன்னான். இந்தத் தடியனைத் தூக்கி இடுப்புல வெச்சேன், கிளம்பிட்டேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலயே அவர்.

— கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

— வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.

— அதான் கேக்கல. கொஞ்சம் தள்ளி உட்காருங்க, இவனை இறக்கணும். ஏழு மாசப் பிள்ளையா, சிமெண்ட் மூட்டையான்னே தெரியல, கை கழண்டுடுச்சு. டேய், அங்கயே உட்காரு. தலகாணியைக் கடிக்காத. ம்... எங்க என் மருமக? காட்டுங்க.

— முதல்ல கை...

— கழுவிட்டேன். முழங்கை வரைக்கும் கழுவிட்டேன். மருந்துக்கடைக்காரி வீட்டுக்குள்ள கை கழுவாம வர எனக்கென்ன பைத்தியமா? ஐயோ... அண்ணி. இவ்ளோதானா? ஒரு கைக்குள்ள அடங்கிடுவா போலயே.

— மெதுவாப் பேசுங்க.

— எதுக்கு மெதுவா? இவ எழுந்திருக்கணும்னுதானே எல்லாரும் தவிக்கிறோம்?

— ...ஆமால்ல. பழக்கதோஷம். ரெண்டு நாளா வீடு முழுக்கக் குசுகுசுன்னுதான் பேசறோம்.

— டாக்டர் என்ன சொன்னார்?

— காலையில பார்த்தார். பிறந்தப்போ இருந்த எடையில நிறையக் குறைஞ்சிருக்கு. கண்ணுல, முகத்துல மஞ்சள். மஞ்சள் இருக்கறதால தூக்கம். தூங்கறதால குடிக்கல. குடிக்காததால மஞ்சள் இறங்கல. சுத்திச் சுத்தி அதே இடம்.

— ரவுண்டானாவுல மாட்டின வண்டி மாதிரி.

— சாயங்காலம் திரும்பத் தூக்கிட்டு வரச் சொல்லியிருக்கார். எடை ஏறலைன்னா அங்கயே வெச்சுப்பாங்க. மஞ்சள் இறங்கறதுக்கு விளக்குக்கு அடியில, கண்ணைக் கட்டி. புட்டிப்பால் குடுப்பாங்க. உள்ளதைச் சொல்றேன், அதுல ஒரு தப்பும் இல்ல. கடையில நானே எத்தனை பேருக்கு அந்த டப்பாவை எடுத்துக் குடுத்திருக்கேன். ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. ஆனா...

— ஆனா?

— இவளை என் கையிலிருந்து வாங்கி உள்ள எடுத்துட்டுப் போவாங்களே, அதை என்னால பார்க்க முடியாது.

— சரி. சாயங்காலம் வர நேரம் இருக்கு. என்னென்ன பண்ணிப் பார்த்தீங்க?

— நர்ஸ் சொன்னது எல்லாம். உள்ளங்காலைச் சுண்டினேன். டயப்பர் மாத்தினேன். காது மடலைத் தேய்ச்சேன். துணியெல்லாம் கழட்டி நெஞ்சோட ஒட்டி வெச்சேன். வாயைத் திறக்கறா, பிடிக்கறா, ரெண்டு இழு இழுக்கறா, உடனே கொர்ர்.

— எங்க பஸ்ல தினமும் ஒருத்தர் ஏறுவார் அண்ணி. கடைசி ஸ்டாப் வந்து, எல்லாரும் இறங்கி, நான் எஞ்சினை நிறுத்தினாலும் எழுந்திருக்க மாட்டார். கத்தினாலும் சரி, தோளைப் பிடிச்சு உலுக்கினாலும் சரி.

— அப்புறம்?

— நான் பேசாம டிரைவர் சீட்டுல உட்கார்ந்து என் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். வாசனை பட்டதும் எழுந்து உட்காருவார். 'வந்துடுச்சா?'ன்னு கேப்பார்.

— இவ அவரை விடப் பெரிய ஆள். உதட்டுல ஒரு சொட்டு தடவிப் பார்த்துட்டேன். நக்கினா. நல்லா இருக்குன்னு ஒரு முகம் காட்டினா. தூங்கிட்டா.

— கதவுக்கு வெளியதான் நிக்கறேன், உள்ள வரலாமா? ஈரத்துணி கேட்டீங்களே.

— அண்ணா, நீ வராத! கதவிடுக்குல கையை மட்டும் நீட்டு.

— பார்க்கல, பார்க்கல. கண்ணை மூடிட்டுதான் நிக்கறேன். ஒண்ணும் இல்லையே?

— ஒண்ணும் இல்லைங்க. நீங்க போய் ஸ்பூனைக் கொதிக்க வைங்க.

— ஏற்கெனவே கொதிக்க வெச்சுட்டேனே. திரும்பவும் வெச்சுட்டேனே.

— இன்னொரு தடவை வைங்க.

— சரி. ஒண்ணும் இல்லையே?

— போண்ணா!... பாவம் அண்ணி அவன். பள்ளிக்கூடத்துல பசங்களை ஒரு பார்வையில அடக்குறவன், இங்க கதவுக்கு வெளிய காவல் நாய் மாதிரி நிக்கறான். துணியை இப்படிக் குடுங்க. முதுகுலதானே வைக்கணும்?

— கழுத்துக்குக் கீழ. சும்மா தொட்டுத் தொட்டு எடுங்க.

— ஏய் குட்டி. அத்தை வந்திருக்கேன், என்னைப் பார்க்கமாட்டியா? ஜில்லுன்னு இருக்கா? கோவம் வருதா? வரட்டும்... அண்ணி! கண்ணைத் திறந்துட்டா! இப்ப வைங்க, இப்ப வைங்க!

— வாயைத் திற கண்ணு. பெருசா. இன்னும் பெருசா. ஆங்... பிடிச்சுட்டா.

— இழுக்கறாளா?

— ம். இழுக்கறா. இதோ, இன்னொரு தடவை.

— தாடையைத் தடவிக் குடுங்க.

— தடவறேன்... ம்...

— என்னாச்சு?

— போயிட்டா. வாயில வெச்சுக்கிட்டே தூங்கிட்டா. பாருங்க, கை எப்படித் தொங்குதுன்னு. துணி பொம்மை மாதிரி.

— அழாதீங்க அண்ணி.

— அழல. கண்ணுல தண்ணி வருது, அவ்வளவுதான்.

— ஒண்ணு சொல்லட்டுமா? கோச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— எனக்கு நிறைய இருக்கு. இவன் குடிச்சது போக வழிஞ்சு துணியெல்லாம் நனையுது. இவ ஒரே ஒரு தடவை வயிறு நிறையக் குடிச்சா தெம்பு வந்துடும். நான் வேணும்னா...

— வேண்டாம்.

— நான் இன்னும் சொல்லி முடிக்கவே இல்ல.

— புரிஞ்சுது. வேண்டாம்.

— ஏன்? நான் என்ன வேத்தாளா? அத்தைதானே?

— அத்தைதான். அந்த அத்தைதான் ஊரெல்லாம் சொன்னீங்க. 'அண்ணிக்கு என் பிள்ளையைப் பார்க்கப் பொறுக்கல, அதான் ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கல'ன்னு. என் காதுக்கு வராதுன்னு நினைச்சீங்களா?

— ...வந்துச்சா?

— கடைக்கு வர்ற சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரும் மாத்திரைச் சீட்டை நீட்டறதுக்கு முன்னாடி அதைத்தான் சொன்னாங்க. நான் சிரிச்சுக்கிட்டே மாத்திரை எடுத்துக் குடுத்தேன்.

— நீங்க வரலையே அண்ணி. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு கதவையே பார்த்துக்கிட்டு இருந்தேன். யார் யாரோ வந்தாங்க. என் டிப்போ மெக்கானிக் பூங்கொத்தோட வந்தார், பூவுல கிரீஸ் கறை. நீங்க வரல. ஒரு ஃபோன் கூட இல்ல. கோவம் வராதா? வாயில வந்ததைப் பேசிட்டேன்.

— சரி, விடுங்க. இப்ப அது வேண்டாம். அவர் ஸ்பூனைக் கொண்டுவந்திருப்பார், வாங்குங்க. பிழிஞ்சு பார்க்கறேன்.

— இந்தாங்க. மெதுவா... வருதா?

— சொட்டுதான். காலையிலயும் இதேதான். பிள்ளை இழுத்தாத்தான் பால் வரும்னு நர்ஸ் தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க. இழுக்கற பிள்ளைக்கு நான் எங்க போவேன்?

— இதையாவது வாயில விடுங்க. ஓரமா, கன்னத்துப் பக்கமா.

— விட்டுட்டேன்.

— முழுங்கினாளா?

— முழுங்கறா. தொண்டை ஏறி இறங்குது, பாருங்க. தூங்கிக்கிட்டே முழுங்கறா.

— நல்லதுதானே? ஏன் அப்படிப் பார்க்கறீங்க? அண்ணி? டேய், இருடா, கத்தாத. இவனுக்கு நேரமாச்சு. ஸ்பூனைப் பார்த்ததும் தனக்குத்தான்னு நினைச்சுட்டான். வா, வா, அம்மா தரேன். ஒரு நிமிஷம் அண்ணி, இவனுக்குக் குடுத்துட்டு...

— நில்லுங்க. அவனுக்குக் குடுக்காதீங்க.

— ஏன்? கத்தறானே?

— அவனை இங்க குடுங்க.

— எங்க?

— என்கிட்ட. என் மடியில.

— எதுக்கு?

— உள்ளதைச் சொல்றேன். இவளுக்கு முழுங்கத் தெரியுது. இழுக்கத்தான் தெம்பில்ல. இவ இழுக்காததால எனக்குப் பால் இறங்கல. யாராவது பலமா இழுத்தா இறங்கும். இறங்கினா தானா சொட்டும். சொட்டினா இவ முழுங்குவா.

— அதுக்கு இவனா? அண்ணி, இவனுக்கு ரெண்டு பல்லு இருக்கு!

— இருக்கட்டும்.

— சும்மா பல்லு இல்ல. போன வாரம் நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரர் துடைப்பத்தோட ஓடி வந்துட்டார்.

— பரவால்ல.

— இவன் வேத்து ஆள்கிட்ட வாயே வைக்க மாட்டான். புட்டியைக் காட்டினாலே தட்டி விடுவான்.

— குடுடி அவனை!

— ...என்ன சொன்னீங்க?

— பிள்ளையைக் குடுன்னு சொன்னேன். பாப்பாவை நீ வாங்கிக்க. தலையைத் தாங்கிப் பிடி. ம், அப்படித்தான்.

— வாங்கிட்டேன். ஐயோ, காத்தைத் தூக்கி வெச்சிருக்கற மாதிரி இருக்கு. டேய் தடியா, மாமிடா. மாமிகிட்ட குடிக்கணும், சரியா? முறைக்காத.

— எப்படிப் பார்க்கறான் பாரு.

— நான் முதல் முதல்ல வண்டி எடுத்தப்போ பயணிகள் இப்படித்தான் பார்த்தாங்க. 'இவளா ஓட்டப் போறா?'ன்னு. அசையாம இருங்க. பசி முத்தினா வருவான்.

— வாடா ராஜா. வா. மோந்து பார்க்கறான்... அம்மா!

— கடிச்சுட்டானா?

— இல்ல. இழுக்கறான். அடேங்கப்பா, என்ன இழு! கால் கட்டைவிரல் வரைக்கும் இழுக்குது. இப்படியா இழுப்பாங்க? இவ இழுத்தது பூ உரசற மாதிரில்ல இருந்துச்சு.

— வருதா?

— இன்னும் இல்ல. விட்டுட்டான். திட்டறான் என்னை.

— கடையைத் திறந்து வெச்சுட்டு சரக்கு இல்லைன்னா திட்ட மாட்டானா? திரும்ப வைங்க. டேய், பொறுமை. பொறுமையா இரு.

— வெச்சுட்டான். ம்... நல்ல பிள்ளை. எவ்வளவு முடி தலையில.

— பிறக்கும்போதே இருந்துச்சு அண்ணி.

— எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பார்க்கவே வரலையே.

— ...அதை விடச் சொன்னீங்களே.

— இப்ப சொல்லணும் போல இருக்கு. இவன் விடற வரைக்கும் நான் எழுந்து ஓட முடியாது. பாப்பா இருக்கறதால நீயும் ஓட முடியாது.

— சொல்லுங்க.

— நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ நானும் படுத்துக்கிட்டுதான் இருந்தேன். காலுக்கு அடியில தலகாணியை அடுக்கி வெச்சு. நடக்கக் கூடாது, படி இறங்கக் கூடாது. காலையில எழுந்ததும் ரத்தம் பட்டிருக்கான்னு பார்க்கறதுதான் முதல் வேலை.

— எதுக்கு அண்ணி? உடம்புக்கு என்ன?

— இவதான். உன் கையில இருக்காளே, இவதான். அப்ப ஒரு கட்டைவிரல் அளவு கூட இல்ல.

— அப்பவே... கணக்குப் போட்டுப் பார்க்கத் தோணலையே எனக்கு. நீங்க அப்பவே உண்டாகியிருந்தீங்களா?

— அதுக்கு முன்னாடி ரெண்டு தங்கல. உங்க அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது. இவ வந்தப்போ வாயைத் திறந்து சொல்லவே பயம். வெளிய சொன்னா அதுவும் போயிடுமோன்னு. மருந்துக்கடைக்காரி இப்படியெல்லாம் நினைக்கலாமான்னு நானே என்னைக் கேட்டுக்குவேன். ஆனா நினைச்சேன். உனக்கு ஃபோன் பண்ணினா குரல்லயே கண்டுபிடிச்சுடுவே. அதான் பண்ணல. ஆபத்து தாண்டினப்புறம்தான் கடைக்கே போனேன். இவனுக்குன்னு ஒரு குல்லா கூட வாங்கி வெச்சிருந்தேன், மஞ்சள் கலர்ல, காது மூடற மாதிரி...

— அண்ணி, பேசாதீங்க.

— இல்ல, இவ்வளவு நாள் மனசுல வெச்சுக்கிட்டு...

— அதில்ல! கேளுங்க. சத்தத்தைக் கேளுங்க.

— என்ன சத்தம்?

— இவன் தொண்டை! மடக், மடக்னு. முழுங்கறான் அண்ணி! வெறும் வாயா இருந்தா இந்தச் சத்தம் வராது. இவன் சத்தம் எனக்குத் தெரியாதா?

— ஐயோ, ஆமா... உள்ள என்னமோ பொங்குது. ஊசி குத்தற மாதிரி... ஏய், இங்க பாரு, இந்தப் பக்கம்! நைட்டி நனையுது! யாரும் தொடாமயே சொட்டுது!

— பாப்பாவைப் பிடிங்க! பிடிங்க, பிடிங்க! நான் தாங்கிக்கறேன், நீங்க வாயில மட்டும் வைங்க. இன்னும் கிட்ட. மூக்கு அமுங்காம.

— தூங்கறாடி.

— தூங்கட்டும். வாயைத் திறந்திருக்காள்ல? அது போதும். வைங்க.

— வெச்சுட்டேன். வாய்க்குள்ள விழுது. கடைவாய்ல வழியுது...

— முழுங்கினாளா?

— இரு.

— முழுங்கினாளான்னு கேக்கறேன்.

— இருன்னு சொல்றேன்ல... முழுங்கினா! இன்னொண்ணு! ஏய், இழுக்கறா! வாய்ல பால் விழுந்ததும் இழுக்கறா!

— அப்படிப் போடு! கிளம்பிடுச்சு வண்டி!

— என்ன சத்தம்? ஏன் கத்தறீங்க? ஒண்ணும் இல்லையே?

— அண்ணா, உன் பொண்ணு குடிக்கறா! நீ வெளியவே நில்லு!

— குடிக்கறாளா? நிஜமாவா? ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கட்டுமா?

— இப்ப வேண்டாங்க. ரெண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்கு.

— ரெண்டு பக்கமுமா? பாப்பா ஒண்ணுதானே பிறந்துச்சு?

— அப்புறம் சொல்றேங்க! ஐயோ, நிறுத்திட்டா. திரும்பத் தூங்கறா.

— விடக் கூடாது. மாரை லேசா அமுக்குங்க, பால் பீச்சட்டும்.

— அமுக்கறேன். ம், முழுங்கினா. கையை எடுத்தா நிறுத்திடறா.

— எடுக்காதீங்க. காலைச் சுண்டறேன்... இல்ல, வேண்டாம். அண்ணி, அங்க பாருங்களேன்.

— எங்க?

— தடியன் கையை. குடிக்கும்போது எதையாவது பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கணும் அவனுக்கு. என் தாலிச் சங்கிலி, சட்டைப் பொத்தான், எது கிடைச்சாலும். இப்ப பாப்பா காலைப் பிடிச்சுட்டான்.

— டேய், டேய், உடைச்சுடாதடா.

— உடைக்க மாட்டான். பாருங்க. அவன் இழுக்கறான், இவ முழிக்கறா. முழிச்சா குடிக்கறா. தூங்கினா திரும்ப இழுக்கறான்.

— நர்ஸுக்கு இந்த வைத்தியம் தெரியாதே!

— சிரிக்காதீங்க அண்ணி, வாய் நழுவிடும்.

— சிரிக்காம எப்படி இருக்கறது? ரெண்டு நாளா நான் சுண்டாத விரல் இல்ல. இவன் வந்து ஒரே இழு... என்னடி, நீ ஏன் அழறே?

— ஒண்ணும் இல்ல. கண்ணுல தண்ணி வருது, அவ்வளவுதான். ரெண்டு தங்கலைன்னு சொன்னீங்களே. அந்த நேரத்துல நான் ஊரெல்லாம்...

— அது அப்புறம். உட்கார்ந்து விலாவாரியா சண்டை போடலாம், நிறைய பாக்கி இருக்கு. இப்ப தடியனை எடு. அவன் பக்கம் இன்னும் வருது, அந்தப் பக்கமும் இவளுக்கு வேணும்.

— எடுத்தா வீடே இடிஞ்சு விழற மாதிரி கத்துவான்.

— கத்தட்டும்.

— டேய், போதும் வா. வாடா. விடு... விடுடா... பார்த்தீங்களா, ஆரம்பிச்சுட்டான்!

— அடேயப்பா. இது தொண்டையா, உன் பஸ் ஹார்னா? ஏய்... ஏய்! பாப்பா!

— என்ன அண்ணி?

— முழிச்சுட்டா. முழுக் கண்ணும் திறந்து முழிச்சுட்டா. அவனையே பார்க்கறா. உதடு பிதுங்குது...

— அழப்போறாளா?

— தெரியல. இது வரைக்கும் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல்தான். ஒரு நாள் கூட... கேளு! கேளுடி!

— ஐயோ! என்ன குரல்!

— யாரு அழறது? ரெண்டு குரல் கேக்குதே! ஒண்ணும் இல்லையே? நான் உள்ள வந்துடுவேன்!

— உங்க பொண்ணுதாங்க! பசிக்குதாம்! கேட்டு வாங்கறா!

— அவளா? அவ்ளோ பெரிய குரலா அவளுக்கு?

— அண்ணா, கதவைப் பிடிச்சுக்கிட்டு அழாத, கதவு ஆடுது!

— நான் அழல. நான்... ஸ்பூனைக் கொதிக்க வைக்கப் போறேன்.

— ஸ்பூன் வேண்டாங்க! இனிமே ஸ்பூனே வேண்டாம்! வா கண்ணு, இந்தப் பக்கம் வா. இந்தா. ம்... எவ்வளவு அவசரம் பாரு. மெதுவாடி செல்லம். உனக்குத்தான். எல்லாம் உனக்குத்தான்.

*

— பெஞ்ச்ல இப்படி உட்காருங்க அண்ணி. தடியன் என் தோள்லயே தூங்கிட்டான். அண்ணன் எங்க?

— நர்ஸ்கிட்ட எடையைத் திரும்பக் கேக்கப் போயிருக்கார். காதுல சரியா விழுந்துச்சான்னு சந்தேகமாம்.

— எனக்குச் சரியா விழுந்துச்சு. காலையில இருந்ததை விட நாப்பது கிராம் கூட. டாக்டர் மெஷினைத் தட்டிப் பார்த்தாரே, கவனிச்சீங்களா?

— கவனிச்சேன். நானும் மனசுக்குள்ள தட்டிப் பார்த்தேன். ரத்தத்துல மஞ்சளும் ஏறல. 'வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க, நாளைக்குக் காட்டுங்க'ன்னார். 'என்ன மருந்து குடுத்தீங்க?'ன்னு வேற கேட்டார்.

— அப்ப ஏன் வாயை மூடிக்கிட்டு நின்னீங்க? 'இதோ, இடுப்புல இருக்கான் மருந்து'ன்னு நான் சொல்ல வந்தேன். என் காலை மிதிச்சுட்டீங்க.

— சொன்னா சிரிச்சிருப்பார்.

— சிரிக்கட்டுமே. இல்ல, நீங்க செஞ்சது சாதாரணம் இல்ல அண்ணி. மதியத்துக்கு அப்புறம் எத்தனை தடவை ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி... எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது.

— தைரியம் எல்லாம் இல்ல. வேற வழி இல்ல, அவ்வளவுதான். பாரு, இப்பவும் கனக்குது. ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி. இவ எழுந்திருக்கலைன்னா நானே எழுப்புவேன் போலிருக்கு. நாளைக்கும் வருவியா?

— நாளைக்கு வரேன். காலையில டிப்போவுக்குப் போயிட்டு வரேன்.

— லீவு முடிஞ்சுடுச்சா?

— ஞாயித்துக்கிழமையோட முடியுது. ஆனா நான் வண்டி எடுக்கப் போறதில்ல. நாளைக்குப் போய் வேலையை விட்டுடறேன்னு சொல்லிட்டு வந்துடலாம்னு இருக்கேன்.

— என்னடி சொல்றே? அந்த வேலைக்காக எத்தனை தடவை பரீட்சை எழுதினே? எங்க தெருவுல நீ முதல் தடவை வண்டி ஓட்டிட்டு வந்தப்போ நான் கவுன்டரை விட்டு வெளிய ஓடி வந்து கை தட்டினேன்.

— ஞாபகம் இருக்கு. நான் ஹார்ன் அடிச்சேன். டிப்போவுல மெமோ குடுத்தாங்க.

— அப்புறம் ஏன்?

— இவனை எங்க விடறது அண்ணி? இவன் அப்பா கப்பல்ல, வர்றதுக்கு இன்னும் பல மாசம். பிள்ளைங்க காப்பகத்துல ரெண்டு நாள் விட்டுப் பார்த்தேன். புட்டியை வாயிலயே வாங்கல. மசிச்ச பழம் ரெண்டு வாய், அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் அழுதே தீர்த்துட்டான். சாயங்காலம் போனா, குரல் கம்மி, முகம் வீங்கி... அவங்களே கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க. சரி, வேலை போனா போகுது. ஸ்டியரிங்தானே. இதை யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, இன்னிக்கு நல்ல நாள்... ஏன் அண்ணி எழுந்துட்டீங்க? அவனை ஏன் வாங்கறீங்க? ரெண்டு பேரையும் எப்படித் தூக்குவீங்க?

— தூக்குவேன். நீ நாளைக்கு டிப்போவுக்குப் போய் திங்கட்கிழமை எந்த வண்டின்னு மட்டும் கேட்டுட்டு வா. அன்னிக்குக் காலையில இவனை என் மடியில போட்டுட்டு நீ கிளம்பு. என்கிட்ட ரெண்டு பேருக்கும் இருக்குடி.